சந்தா கட்டியது யார், கை தூக்குவது யார்?



தலைமை உரை என்றால் சமுதாய வளர்ச்சித் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கி, சாப்பாட்டு நேரம் வரை இழுப்பது வழக்கம். இன்று அதற்கு விடுமுறை. நம் சங்கத்தில் தனி ஆளாக அல்லாமல் நிறுவனமாகச் சேர்ந்திருக்கும் உறுப்பினர்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

போன ஆண்டுப் பொதுக்குழுவில் விதித்திருத்தம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றோம். பின் வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் பாதி கையைத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார். செயலாளர் போய் விசாரித்தார். "எங்க சார் வர முடியலைன்னு என்னை அனுப்பினாங்க. இதுக்குக் கை தூக்கலாமான்னு சொல்லி அனுப்பலை. போன் பண்ணிக் கேட்டுட்டு வந்திடட்டுமா?" என்றாராம். வெளியே போனவர் திரும்பி வருவதற்குள் வாக்கெடுப்பு முடிந்து வடையும் டீயும் வந்துவிட்டன. அவர் பதினோரு ஆண்டாகக் களத்தில் இருப்பவர் என்பது டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. அந்த விதித்திருத்தமோ களப்பணியாளர் பயிற்சியைப் பற்றியது.

ஊருக்குக் கிளம்புமுன் உறுப்பினர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நாம் வைத்திருக்க வேண்டிய பதிவேடு அது. நிறுவன உறுப்பினர் பக்கங்களில் 'பிரதிநிதி' என்று ஒரு கட்டம். ஓரிடத்தில் மூன்று பெயர்கள் எழுதி, மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன. இன்னோர் இடத்தில் 'இயக்குநர்' என்று மட்டும் இருந்தது. பல இடங்களில் வெறும் கோடு. ரசீது எண் மட்டும் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பொருளாளரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருக்கிறார். உறுப்பினர் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது பல இடங்களில் ஒரு ரசீதைத்தான் என்பதே என் வருத்தம்.

தனி ஆள் உறுப்பினரானால் சிக்கல் இல்லை. அவரே யோசிப்பார், அவரே கை தூக்குவார். நிறுவனத்துக்குக் கை கிடையாது. அதன் சார்பில் தூக்கப்படும் கை யாருடையது, அந்தக் கைக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று சேர்த்துக்கொள்ளும்போதே கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்டது காசோலையா, வங்கிப் பரிமாற்றமா என்பதை மட்டும்.

இது புதுக் கேள்வியும் இல்லை. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் தனி மனிதர்கள் சேரும் கடன் சங்கங்களுக்குத்தான் இடம் கொடுத்தது. அந்த ஆண்டே திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் சங்கம் பதிவாயிற்று. சங்கங்களே உறுப்பினராகச் சேரும் மத்திய சங்கங்களுக்கு 1912-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. ஊர்ச் சங்கம் மத்திய கூட்டுறவு வங்கியில் உறுப்பினர் என்றால், அங்கே போய் உட்காரும் ஆளை ஊர்ச் சங்கம் முடிவு செய்தாக வேண்டும் என்பது அப்போதே பிறந்த கேள்வி.

அதைவிட நல்ல பாடம் நாம் தினமும் போகும் ஊர்களிலேயே இருக்கிறது. 1989-இல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பிற்பாடு ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளாக வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். கூட்டமைப்பில் குழுதான் உறுப்பினர். ஒரு குழு தன் ஆளை அனுப்புவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து, போகிறவர் யார் என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாத ஒரு பாட்டி ரேகை வைத்துவிட்டு, விரலைச் சுவரில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போறவ சும்மா தலையாட்டிட்டு வரக்கூடாது. லோன் ஏன் லேட்டாச்சுன்னு கேட்டுட்டு வரணும்." அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சே அதுதான். போனவர் பதில் சொல்லாமல் உட்கார முடியாது.

அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. குழு நடத்தப் பயிற்சி கொடுப்பவர்கள் நாம்! சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. ஐந்தே ஆண்டில், மக்களின் சொந்த முனைப்பைத் திட்டம் தட்டி எழுப்பவில்லை என்று அதை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு எழுதிவிட்டது. அன்றிலிருந்து 'பங்கேற்பு' என்ற தலைப்பில் நாம் நடத்திய கருத்தரங்குகளுக்குக் கணக்கில்லை. இன்றைய கருத்தரங்கின் தலைப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது. நம் சொந்தப் பதிவேட்டில் இல்லை.

இனி பணம். பெரிய அறக்கட்டளைக்கும், மூன்று பேர் வேலை பார்க்கும் மலையடிவாரத் தொண்டு நிறுவனத்துக்கும் ஒரே சந்தா வாங்குகிறோம். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, வாங்கிய நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பது நின்றது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. பெரிய நிறுவனங்கள் பகிர்ந்த நிதியில் ஓடிய சின்ன அமைப்புகள் முதலில் நிறுத்தியது எதை? சந்தாவையும் கருத்தரங்குப் பயணப்படியையும்தான். இந்த அரங்கின் காலி நாற்காலிகளில் சில அவர்களுடையவை. ஆகவே ஆண்டு வரவு செலவைப் பார்த்துச் சந்தா வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு பக்கம், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு வந்தபின், லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் கம்பெனிகளின் அறக்கட்டளைகளும் நம் கதவைத் தட்டுகின்றன. தாராளமாக வரட்டும். ஆனால் 'கூடுதல் சந்தாவுக்குக் கூடுதல் வாக்கு' என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. எவ்வளவு கட்டினாலும் ஒரு நிறுவனத்துக்கு ஒரு வாக்கு. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நிறுவனத் தலைவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இங்கே வர வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களோடு களத்தில் இருப்பவரையும் கூட்டி வாருங்கள். அவருக்கு 'ஆன் டியூட்டி' போடுங்கள், பஸ் கட்டணம் கொடுங்கள். முக்கியமாக, அவர் உங்களுக்கு மாறாகப் பேசினால் திரும்பும் வழியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி முகம் தூக்கிய இயக்குநர்தான்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. விதித்திருத்த வரைவு உங்கள் ஃபைலில் நான்காவது தாளாக இருக்கிறது. நிறுவனம் தீர்மானம் போட்டு இரண்டு பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும், அதில் ஒருவர் களப்பணியாளராக இருக்க வேண்டும், பொதுக்குழுவின் பொருள் நிரலை நாம் முப்பது நாளுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும் என்கிறது அது. இந்த முறையும் வரைவைத் தாமதமாகத்தான் கொடுத்திருக்கிறோம், மன்னியுங்கள். நிறுவனத்தின் சார்பில் வந்திருப்பவர்கள் இன்றிரவே அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, காலையில் பதிலோடு வாருங்கள்.