உடன்படுதலும் வினையே
(அச்சரப்பாக்கத்தில் ஆற்றிய உரை)



நான் பணியாற்றிய காலத்திலும் மாணவர்கள் ஒருவரையொருவர் பட்டப்பெயரிட்டு எள்ளியதுண்டு. ஆயினும் மாலை மணி அடித்ததும் அவ்வேளனம் பள்ளி வாயிலோடு நின்றுவிடும். இன்றோ அது கைப்பேசி வழியே படுக்கையறை வரை தொடர்கிறது.

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நிகழ்ந்ததை நினைவூட்டுகிறேன். இளம் பட்டதாரிப் பெண் ஒருத்தியின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஒருவன் முகநூலில் பரப்பினான். தந்தையார் காவல்துறையில் முறையிட்டும் நடவடிக்கை தாமதமாயிற்று. அப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். பின்னர் ஓர் இளைஞன் கைதானான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் மன்னிப்புக் கோரினார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்று அவள் எழுதிவைத்திருந்தாள். எனக்கு ஆறாதது அதுதான்.

இத்தகைய கொடுமையைத் தொடங்குபவன் ஒருவனே. அதை வளர்ப்போர் பலர். வினையை நம் முன்னோர் மூவகையாகக் கூறினர்: தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படல். வகுப்புத் தோழியைப் பழித்து வந்த செய்தியை மற்றொரு குழுவுக்கு அனுப்பிப் பரப்பச் சொல்வது செய்வித்தல். அதன்கீழ் ஒரு சிரிப்புப் பொம்மையை இடுவது உடன்படல். "நான் எழுதவில்லையே, சிரித்தேன், அவ்வளவுதானே!" என்பார்கள் பிள்ளைகள். சிற்றுயிர்க்கும் தீங்கு நேரலாகாதென்று பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருக்கும் இல்லத்தில், இரவு பதினொரு மணிக்கு ஒரு பெருவிரல் இன்னொரு குழந்தையின் மனத்தைக் குத்தலாமா?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னால் உடனே கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லமாட்டாது. முதலில் நம்புங்கள். இழிசொற்களை அழிக்குமுன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கணக்கைத் தடுத்துவிடுங்கள். ஆபாசப் படமாயின், யாரிடமும் ஆலோசனை கேட்கவென்றுகூட அதை அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டோர்க்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் துணையுண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. மைய அரசின் இணையவழிக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில குற்றங்களைப் பெயர் குறிப்பிடாமலும் தெரிவிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் முன்பின் அறியாதோர் தங்களைக் குழுக்களில் சேர்க்க இயலாதவாறு அமைத்துக்கொள்ளும் வழியைப் பெரும்பாலும் பிள்ளைகளே அறிவர். நமக்கும் அவர்களே கற்றுத்தரட்டும். கடவுச்சொல்லை நட்பின் அடையாளமாகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

புகார் எழுதத் தயங்குவோர் விழா முடிந்தபின் என்னிடம் வாருங்கள். உடனிருந்து எழுதித் தருகிறேன்.