வேடந்தாங்கலுக்கு ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்ற யோசனையா? சென்னையிலிருந்து 75 கிலோமீட்டரில், செங்கல்பட்டைத் தாண்டினால் வேடந்தாங்கல். ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரிதான். நவம்பர் முதல் மார்ச் வரை, ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கிளை தெரியாத அளவுக்குப் பறவைக் கூடுகள்!

கரையில் நின்று நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவே பாக்குவெட்டி போல ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். பாடப்புத்தகத்தில் பத்து முறை படித்தாலும், இதை நேரில் பார்த்த பிள்ளை மறக்காது.

பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று கேட்டு, 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் எனப்படும் உரிமைப் பத்திரம் வாங்கியவர்கள் இவர்கள். தீபாவளிக்குக்கூட இங்கே வெடிச்சத்தம் கேட்காது. சட்டம் வருவதற்கு முன்பே ஒரு கிராமம் செய்த இந்தக் காரியத்தைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல் இருப்பது நல்லது. இரை தேடிப் போன பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டுபோங்கள். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் மறக்காமல் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.