சாயத்தைப் பிடிக்கும் பழத்தோல்

பழச்சாறுக் கடை வாசலில் கூடை கூடையாகக் குவிகிற ஆரஞ்சுத் தோலுக்குச் சாயத் தண்ணீரைத் தெளியவைக்கும் குணம் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1990களிலேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். 1992இல் வாழைத்தண்டுக் கழிவு, 1996இல் ஆரஞ்சுத் தோல். பனியன் துணிக்குச் சாயமேற்றும் திருப்பூருக்குப் பக்கத்து ஊரில் இந்த ஆராய்ச்சி நடந்ததில் வியப்பில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தோலை மொறமொறவென்று காயவைத்துப் பொடியுங்கள். பொடியை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் தோலின் மஞ்சளே இறங்கிவிடும். வண்ணமீன் கடையில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் கிடைக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, ஒரு கரண்டி பொடி போட்டு, அவ்வப்போது கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெளிறும். அடியில் பொடி நீலம் பாரித்துக் கிடக்கும். தோலிலுள்ள பெக்டின் என்ற பொருளுக்குத் தண்ணீரில் எதிர் மின்னூட்டம், அந்தச் சாயத்துக்கு நேர் மின்னூட்டம். அதனால்தான் இந்த ஒட்டுதல்.

பனியன் துணிக்கு ஏற்றும் சாயம் வேறு. பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அதற்கும் எதிர் மின்னூட்டம்தான். தோல் அதை லேசில் பிடிக்காது. அமிலம் சேர்த்தால் ஓரளவு பிடிக்கும். சாயப்பட்டறையிலிருந்து வருவதோ காரத் தண்ணீர்.

அதைவிடப் பெரிய கவலை உப்பு. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற உப்பை அள்ளிப் போட வேண்டும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு. அந்த ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பழத்தோல் நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. பார்வைக்குத் தெளிந்த அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வும், மிஞ்சுவதைக் காய்ச்சி வற்றவைக்கும் கலனும் இல்லாமல் தீராது.

அப்படியானால் தோலுக்கு எங்கே வேலை? சணலுக்கும் தென்னை நாருக்கும் நேர் மின்னூட்டச் சாயம் போடும் சிறு பட்டறைகளில் என்பேன். ஒரு தொட்டியும் காய்ந்த தோலும் அவர்கள் கைக்கு எட்டும்.

தொட்டி கட்டுமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: சாயம் ஏறிய தோல் எங்கே போகும்? குப்பைமேட்டில் கொட்டினால் மழையில் சாயம் திரும்பக் கசியும், மாடு வாய் வைக்கும். எருக்குழிக்கும் ஆகாது. உலர்த்தி, சிமெண்ட் ஆலைச் சூளை போன்ற கடும் வெப்பத்தில் எரிப்பது ஒரு வழி. அதற்கான வண்டிச் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும்.