தொப்பி சொல்லாத பெயர்

பிரிட்டனில் பல வீடுகளில் இரண்டாம் உலகப் போர்க்காலப் படம் ஒன்று இருக்கும். கடற்படைச் சீருடையில் தாத்தா. எந்தக் கப்பல்? பேரப்பிள்ளைகள் முதலில் தொப்பி நாடாவைத்தான் பார்ப்பார்கள்.

அங்கே எச்.எம்.எஸ். என்று மட்டும் இருக்கும். கப்பல் பெயர் இருக்காது!

ஒற்றர்களுக்குத் துப்புக் கிடைக்கக் கூடாதென்று போர்க்காலத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் இருந்தால், அந்தப் படம் பெரும்பாலும் போருக்கு முன்போ பின்போ எடுத்தது.

தொப்பி வாய் திறக்காவிட்டால் என்ன, சட்டைக் கை பேசும். வலது கையில் சிறகும் மின்னலும் தைத்திருந்தால், தாத்தா தந்திப் பிரிவு. இடது கையில் வி வடிவப் பட்டை ஒன்று இருந்தால், குறைந்தது 3 ஆண்டு நன்னடத்தைச் சேவை.

படத்தின் முதுகிலும் விஷயம் உண்டு. ஸ்டூடியோ முத்திரையில் மால்டா என்றிருந்தால், தாத்தா அங்கே கரை இறங்கியிருக்கலாம். அதனால், பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பதமாகக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.