ஒப்பமும் கிறுக்கலும்



கவிதை நூலின் முதற்பக்கத்தில் அதை இயற்றியவர் 'அன்புடன்' என்றெழுதி ஒப்பமிட்டால் அப்படியின் மதிப்பு உயர்கின்றது. அதே பக்கத்தில் வாங்கியவர் தம் பெயரை எழுதிவைத்தாலோ, பழைய நூல் வணிகர் விலையைக் குறைத்துக் கேட்கின்றார். இரண்டும் மை, இரண்டும் மனிதக் கை. ஒன்று பெருமையாகவும் மற்றொன்று குறையாகவும் கொள்ளப்படுவது ஏன்? இவ்வினாவை ஆராயப் படக்கதை இதழ்கள் நல்லதொரு களமாகும்.

அமெரிக்கச் சேகரிப்பாளரிடையே இதற்குத் திட்டமான நெறியுண்டு. 2000ஆம் ஆண்டு முதல் இதழ்களைத் தரம்பிரித்துவரும் சி.ஜி.சி. நிறுவனம், தன் சாட்சியின் முன்னிலையில் படைப்பாளர் இட்ட ஒப்பத்துக்கு மஞ்சள் சீட்டு வழங்கிற்று. சாட்சியில்லாத ஒப்பத்தை, அது உண்மையானதாகவே இருப்பினும், அட்டைமேல் விழுந்த எழுத்தாகவே நெடுங்காலம் கணக்கிட்டது. ஆக, அங்கே விலை பெறுவது 'இன்னார் எழுதியது' என்னும் நம்பகமே எனலாம்.

கிறுக்கலும் சான்றாகிவிட்டால் மதிப்புப் பெறும். 1939இல் வெளிவந்த மார்வல் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு படியில், எந்த ஓவியருக்கு எவ்வளவு ஊதியம் என்பதை அவ்விதழைத் தயாரித்தளித்தவர் கையால் குறித்துவைத்தார். அழகு கருதி எழுதியதன்று, வெறும் கணக்கு. 'ஊதியப் படி' என்னும் பெயரையே அதற்கு அது பெற்றுத் தந்தது. 2022இல் அப்படி 24 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். 1972இல் சௌந்தரபாண்டியன் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. மாயாவியின் மூலம் இங்கிலாந்துடையது. அதற்குப் புகழ் சேர்த்த ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். தமிழில் தொடக்ககால ஆசிரியப் பொறுப்பு முல்லை தங்கராசனுடையது. இவ்விதழில் ஒப்பமிட உரியவர் இவர்களுள் யார்? 1995இல் மறைந்த பிளாஸ்கோவின் கையெழுத்து ஆவடிச் சிறுவன் ஒருவனின் படியில் விழ வாய்ப்பேது? தமிழ்ப் படக்கதையில் படைப்போன் கை தொலைவிலிருந்தது. படித்தவன் கையே அருகிலிருந்தது.

அந்தக் கை எழுதியவை சிறியவை: பெயர், வகுப்பு, பிரிவு, வாங்கிய நாள், 'இரவல் கேட்காதே' என்னும் எச்சரிக்கை, விடுவிக்கப்பட்ட குறுக்கெழுத்துப் புதிர். ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த தெருக்களிலும் இவ்விதழ்கள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. பணிமாற்றமோ வீடுமாற்றமோ நேர்ந்தபோது எடைக்குப் போடப்பட்டன. அவற்றைப் படித்தவர் யாவர், எவ்வயதினர், எத்தெருவினர் என்பதை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை. அட்டையின் உட்புறத்துக் கிறுக்கலே அதற்கு எஞ்சிய ஆவணம்.

தமிழறிஞர்க்கு இது புதிய செய்தியன்று. ஓலைச்சுவடியின் ஈற்றில், எழுதி முடித்த ஆண்டும் திங்களும் எழுதினோன் பெயரும் காணப்படுவதுண்டு. அக்குறிப்பை நூலுக்குப் புறம்பானதென்று எந்தப் பதிப்பாசிரியரும் செதுக்கி எறிவதில்லை. சுவடியின் காலத்தையும் வழியையும் அறிய அதையே நாடுகின்றார். ஏட்டுக்குரிய இந்த மரியாதை தாளுக்கு மறுக்கப்படுவது முறையோ? கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் கழித்த நூல்களையும் துண்டுத் தாள்களையும் சேர்த்துவைத்தார். அத்தொகுப்பே 1994இல் அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்து, பின்னர்த் தரமணிக்குப் பெயர்ந்தது. குப்பை, கருவூலம் என்னும் பெயர்கள் பொருளைச் சார்ந்தவையல்ல, பார்வையைச் சார்ந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எழுதாத படிக்கே சந்தை மிகுவிலை தரும். அது வணிக நியாயம். ஆனால் அவ்விலைக்காக ரப்பர் கொண்டு தேய்ப்பதும், பெயருள்ள தாளைக் கிழிப்பதும் இருவகை இழப்பாகும். தேய்த்த தாள் மெலிந்து விலையும் குன்றும், சான்றும் அழியும்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் எத்தனையோ நூல்களில் ஒப்பமிட்டிருப்பர். அவற்றுள் சில பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஒருநாள் கிடக்கவும் கூடும். அதுகண்டு வருந்தற்க. ஒப்பத்தின் கீழே, வாங்கியவன் எழுதிய பெயர் இருக்கின்றதா என்று பார்க்க. இருப்பின், அந்நூலை ஒருவன் தனதென்று கொண்டான் என்பது பொருள். கவிஞன் தான் இட முடியாத ஒப்பம் அஃதொன்றே.