இரு கால் நடையும் எல்லையூரும்

களியக்காவிளைச் சந்தையில் தமிழில் விலை பேசியவர், வடமேற்கே சற்று நடந்து பாறசாலையில் மலையாளத்தில் நலம் விசாரிக்கிறார். இடையே மலையில்லை, பேராறும் இல்லை. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது; பாறசாலையும் அதியன்னூரும் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதுவரை இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யமே.

அதற்கும் நெடுங்காலம் முன்பு, ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று, இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 மாணாக்கருக்குக் கல்விச்சாலை அமைத்தான். செப்பேடு அதைத் தமிழில் கூறுகிறது. அன்று கற்க நடந்து வந்தோர் இந்த எல்லைக்கல்லைக் கண்டிரார்.

எல்லையூரார்க்கு இரு மொழியும் இரு கால்கள். வெளிமாநிலத்தில் பிறந்த நம் பிள்ளைகளோ ஒரு காலை மடித்து நொண்டுகிறார்கள், குற்றம் நம்முடையதே. வரும் கோடை விடுமுறையில், வண்டியை விடுத்து, அவர்களைக் களியக்காவிளையிலிருந்து நடத்தியே அழைத்துச் செல்லவிருக்கிறோம்.