மயக்க மருந்தும் ஒரு டம்ளர் காபியும்

நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. படித்த ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. சென்ற வருஷம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். முதுகில் ஊசிதான் என்றார்கள். 'முழு மயக்கம் இல்லையே' என்று விடியற்காலையில் காபி சாப்பிட்டுவிட்டு, டாக்டரிடம் மறைத்தேன். மனைவி சொல்லிவிட்டாள். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. எனக்கு மகா கோபம்.

மயக்க மருந்து டாக்டர் பொறுமையாக விளக்கினார். முழு மயக்கத்தில் நினைவு இராது; சுவாசத்தை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். முதுகு ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், நினைவு இருக்கும். செடேஷன் என்பது அரைத்தூக்கம்; வலிக்குத் தனி மருந்து வேண்டும். பின்னிரண்டும் போதாவிட்டால் முழு மயக்கம் கொடுக்க நேரலாம். அப்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் கலந்த காபிக்கு 6 மணி நேர இடைவெளி அவசியம். வெறும் தண்ணீருக்குப் பொதுவாக 2 மணி.

எந்த முறையானாலும், சாப்பிட்டதையும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.